தலவாக்கலை லொறி ஒன்றின் பழைய டீசல் எஞ்சின்: உதிரிப்பாகத் தெரிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தலவாக்கலைப் பகுதியிலிருந்து கொழும்புக்கு ஓடும் ஒரு லொறியின் எஞ்சினை 2023இல் எங்கள் கராஜில் முழுமையாகப் பிரித்துப் பூட்டினோம். அந்த வேலையில் எந்தப் பாகத்தை எங்கே, ஏன் வாங்கினோம் என்பதே இந்த ஆய்வின் மையம். கழற்றும் முறை, பூட்டும் முறை பற்றிக் கைநூல்களில் விரிவாக இருக்கிறது. அவற்றைத் தேவையான இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

வாகனம் 1990களின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்த இரண்டு அச்சு லொறி. மொத்த எடை 16 தொன் வகை. எஞ்சின் கம்மின்ஸ் பி வரிசையைச் சேர்ந்தது: 6 சிலிண்டர், 5.9 லீற்றர், டர்போ உண்டு, 130 குதிரைத்திறன். மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சிலிண்டர் துளை 102 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 120 மில்லிமீற்றர். இதில் லைனர், அதாவது பிஸ்டன் ஓடுவதற்கான தனி உருளைக் குழாய், கிடையாது. பிஸ்டன் நேரடியாக வார்ப்பிரும்புப் புளொக்கிலேயே ஓடுகிறது. பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி இந்த ஒரு விடயத்திலிருந்து பிறந்தவை.

லொறி தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக் களஞ்சியங்களுக்கு இறங்கும். திரும்பும்போது உரம், சீமெந்து, கோதுமை மா என்று கிடைத்த சுமையோடு ஏறும். பாதை ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியான ஏ7 வீதி. தேயிலை இடத்தை அடைக்கும், எடை குறைவு. உரம் அப்படியல்ல. ஆகவே எஞ்சின் முழுப் பாரத்தில் உழைப்பது கித்துல்கலவைத் தாண்டி வட்டவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும்போதுதான்: கீழ் கியர், குறைந்த வேகம், ரேடியேட்டருக்குக் காற்றோட்டமும் குறைவு. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 86 சதவீதம். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அங்கே 96 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

உரிமையாளர் முன்பு தோட்ட லொறிச் சாரதியாக இருந்து, பிறகு இந்த வாகனத்தைச் சொந்தமாக வாங்கியவர். இப்போது ஓட்டுவது அவருடைய மைத்துனர். புதிய லொறி வாங்குவது அவர்கள் கணக்கிலேயே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய லொறிகளின் விலையே எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதில் உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. ஜப்பானிய எஞ்சினாக இருந்தால் றீகண்டிஷன் செய்த முழு எஞ்சின் ஒன்றைத் தேடலாம். இந்த எஞ்சினுக்கு அப்படியொரு சந்தை இங்கே இல்லை. வேறு வகை எஞ்சினை மாற்றிப் பூட்டினால் எஞ்சின் இலக்கம், பதிவுப் புத்தகம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் என்று இன்னொரு நீண்ட பாதை. இருப்பதைப் புதுப்பிப்பதுதான் வழி என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்கவில்லை.

லொறி வந்தபோது கண்டவை

ஏற்றத்தில் சூடு ஏறுகிறது, தண்ணீர் குறைகிறது, ஒயில் குடிக்கிறது என்பதே முறைப்பாடு. எஞ்சினைத் திறக்கும் முன் செய்யக்கூடிய சோதனைகளை முதலில் செய்தோம். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது புகை தள்ளிக்கொண்டு வந்தது. அக்ஸிலறேற்றரை மிதித்தால் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் எழுந்தன. சூடான நிலையில், ஐடிலில், ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்குச் சற்றுக் கீழே நின்றது. இந்த எஞ்சினுக்கு அந்த நிலையில் ஏற்கக்கூடிய மிகக் குறைந்த அளவே 10 இறாத்தல்தான்.

மேலும் இரண்டு சிறிய விடயங்கள். தண்ணீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முன்பு எங்கோ சூடு ஏறியபோது கழற்றி எறிந்திருக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியைச் சோதித்தபோது அதன் மேல் எழுதியிருந்த அழுத்தத்தில் பாதியைக்கூடத் தாங்கவில்லை.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் குளிர்ந்து ஓடும் என்ற நம்பிக்கை மலையகக் கராஜ்களில் ஆழமாக வேரூன்றியது. இந்த எஞ்சினில் தேர்மோஸ்டாட் திறக்கும்போதே இன்னொரு வேலையையும் செய்கிறது: ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் நேரே பம்புக்குத் திரும்பும் குறுக்குவழியை அது அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஏற்றத்தில் தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேட்டரையே பார்க்காமல் சுற்றிச்சுற்றி வரும். அதே எஞ்சின் அதிகாலைக் குளிரில் பாரமில்லாமல் ஓடும்போது சூடாகவே சூடாகாது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் டீசல் முழுமையாக எரியாமல் ஒயிலைக் கழுவும். எரிந்த வாயுவின் ஈரம் அமிலமாகப் படியும். இப்படி ஒரே எஞ்சினில் ஏற்றத்தில் அதிகச் சூடும் இறக்கத்தில் குறைந்த சூடும் நடந்திருக்கின்றன.

முன்கூட்டியே வந்த பெட்டி

எஞ்சினைத் திறக்கும் முன்பே உரிமையாளர் முழுத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்: ஆறு பிஸ்டன், ரிங், மெயின் பெயரிங், பிக்-எண்ட் பெயரிங், முழு கேஸ்கட் தொகுதி. எல்லாம் ஸ்டாண்டர்ட் அளவு, அதாவது தேயாத புதிய எஞ்சினுக்குரிய அளவு. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கியது. பெட்டியில் தெரிந்த பெயர் எதுவும் இல்லை; பிஸ்டனின் படம் மட்டும் இருந்தது. கடைக்காரர், “புளொக்குக்கு லைனர் அடித்து ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவந்துவிடலாம்” என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அவர் அவசரப்பட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் 2022இல் காலையில் கேட்ட விலை மாலையில் இல்லாத நாட்களை அவர் கண்டவர். கையில் காசு இருக்கும்போது பொருளை வாங்கி வைப்பது அந்த ஆண்டு கற்றுத்தந்த பழக்கம். நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அளந்து முடித்த பின் பேசலாம் என்றோம்.

கழற்றியபின் அளந்தவை

சிலிண்டர்கள். இந்த எஞ்சினில் துளை 102.116 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, வட்டம் 0.038 மில்லிமீற்றருக்கு மேல் கோணக்கூடாது. மேலும் கீழும் 0.076 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபடக்கூடாது. ஆறில் நான்கு சிலிண்டர்கள் மேல் ரிங் திரும்பும் இடத்தில் இந்த எல்லையைத் தாண்டியிருந்தன. ஆறாவது சிலிண்டரில் நெடுக்காகக் கீறல்கள், விரல் நகத்தில் தட்டுப்படும் ஆழத்துக்கு இருந்தன. அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் பாவாடையில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில்) அலுமினியம் இழுபட்டிருந்தது.

கிராங்க். மெயின் ஜேர்னல்கள் (கிராங்க் தண்டு புளொக்கில் சுழலும் இடங்கள்) ஏழும் எல்லைக்குள். பிஸ்டன் தடி பூட்டும் பிக்-எண்ட் ஜேர்னலின் அளவு 69 மில்லிமீற்றர். ஆறாவதில் கீறல், ஐந்தாவதில் வட்டம் கோணியிருந்தது.

ஹெட். அழுத்தச் சோதனையில் வெடிப்பு இல்லை. தளம் மட்டும் வளைந்திருந்தது. புளொக்கின் மேல்தளத்தில் ஐந்தாம், ஆறாம் சிலிண்டர்களுக்கு இடையே கேஸ்கட் கசிந்த இடம் அரித்துப் பள்ளமாகியிருந்தது. ரேடியேட்டரில் குமிழி வந்தது இந்த வழியாகத்தான்.

மற்றவை: வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் முனைகள் நன்றாக இருந்தன. அவற்றின் மேல் ஓடும் டப்பட்களில் இரண்டின் அடியில் சிறு குழிகள். வால்வு ஸ்பிரிங்குகள் சில தளர்ந்திருந்தன. இறக்கம் முழுவதும் எக்ஸோஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) நம்பி இறங்கும் லொறிக்கு இது சின்ன விடயமல்ல. பின்னழுத்தம் எக்ஸோஸ்ட் வால்வைத் தள்ளித் திறக்காமல் பிடித்திருப்பது அந்த ஸ்பிரிங்தான். டர்போ தண்டில் ஆட்டம் இருந்தது, உராய்வு இல்லை.

முதல் முடிவு: லைனரா, ஓவர்சைஸா

வாங்கிய ஸ்டாண்டர்ட் பிஸ்டன்களைப் பயன்படுத்த வேண்டுமானால் ஆறு சிலிண்டருக்கும் லைனர் அடிக்க வேண்டும். அது செய்யவே முடியாத வேலையல்ல. இந்த வகைப் புளொக்குக்குப் பழுதுபார்க்கும் லைனர் இருக்கிறது. மற்ற எல்லாச் சிலிண்டரும் நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்ட புளொக்கைக் காப்பாற்ற அது சரியான வழி.

ஆனால் ஆறுக்கும் அடிப்பது வேறு கதை. லைனருக்காகத் துளையைப் பெருப்பித்தால் அடுத்தடுத்த சிலிண்டர்களுக்கு நடுவே இருக்கும் இரும்பு மெலிகிறது. லைனர் புளொக்கோடு எங்கும் இறுக ஒட்டினால்தான் சூடு தண்ணீருக்குக் கடக்கும். ஓரிடத்தில் தலைமயிரளவு இடைவெளி இருந்தாலும் அந்த இடம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உரம் ஏற்றி வட்டவளை ஏறும் எஞ்சினில் அந்த இடம் எது என்பதை விரைவில் கண்டுபிடித்துவிடலாம். லைனர் விளிம்பு சற்றே கீழிறங்கினாலும் புதிய ஹெட் கேஸ்கட் நிற்காது.

துளையைப் பெருப்பித்த பின் போடுவதற்கு, ஸ்டாண்டர்டைவிட 0.50, 1.00 மில்லிமீற்றர் பெரிய இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டன்களைத் தயாரிப்பாளர் இந்த எஞ்சினுக்கு வைத்திருக்கிறார். இது முதல் தடவை திறக்கப்படும் புளொக். 0.50இல் ஆறாம் சிலிண்டரின் கீறல் முழுவதும் மறைந்துவிடும் என்று அளவு காட்டியது. இப்போது 0.50க்குப் போனால் இன்னொரு முறை 1.00 இருக்கிறது, அதற்குப் பிறகும் லைனர் இருக்கிறது. இப்போதே லைனருக்குப் போனால் கடைசிப் படியை முதலிலேயே செலவழித்ததாகும். ஆகவே 0.50 என்று முடிவாயிற்று.

உரிமையாளருக்கு இது கசந்தது, ஏனென்றால் பெட்டிக்குக் கொடுத்த பணம் இனித் திரும்பாது. அவருக்கு எங்கள் கணக்கைவிட ஆறாம் பிஸ்டனைக் கையில் கொடுத்ததே அதிகம் புரியவைத்தது என்று நினைக்கிறேன்.

பெட்டியின் உள்ளே

பயன்படுத்தாத பெட்டியானாலும் அதையும் அளந்தோம், அடுத்தவருக்குப் பயன்படும் என்பதற்காக. பழைய பிஸ்டனைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் மேல் ரிங் பள்ளத்தில் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்று அலுமினியத்துக்குள் வார்க்கப்பட்டிருக்கும். டர்போ எஞ்சினின் சூட்டிலும் அழுத்தத்திலும் வெறும் அலுமினியப் பள்ளம் தாக்குப்பிடிக்காது, அகன்றுவிடும்; ரிங் ஆடத் தொடங்கும். பெட்டியில் இருந்த பிஸ்டன்களில் அந்த வளையமே இல்லை. பள்ளம் நேரே அலுமினியத்தில் வெட்டப்பட்டிருந்தது. ரிங் புதிதாக இருக்கும் வரை எல்லாம் நன்றாகவே ஓடியிருக்கும். தராசில் வைத்தபோது மிக இலேசானதற்கும் மிகக் கனமானதற்கும் இடையே 20 கிராமுக்கு மேல் வித்தியாசம். பெயரிங் ஓடுகளின் தடிப்பும் ஒரே தொகுதிக்குள்ளேயே மாறியது.

இவை எதுவும் கண்ணுக்குத் தெரிவதல்ல. பளபளப்பில் அந்தப் பிஸ்டன்கள் பிறகு நாங்கள் வாங்கியவற்றை வென்றுவிடும்.

எதற்கு எவ்வளவு செலவழிப்பது

உரிமையாளரிடம் இருந்த பணத்தில் எல்லாவற்றையும் முகவரிடம் அசல் பாகமாக வாங்க முடியாது. எல்லாவற்றையும் மலிவில் வாங்கினால் மறுபடி எங்களிடம் வருவார். எனவே விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டோம். இது கெட்டால் கூட எதையெல்லாம் கெடுக்கும்? இதை மாற்ற எஞ்சினைத் திறக்க வேண்டுமா, வெளியிலிருந்தே மாற்றலாமா?

முதல் வரிசையில் வந்தவை பெயரிங், ஹெட் கேஸ்கட், பிஸ்டன்-ரிங் தொகுதி, வால்வு ஸ்பிரிங், டப்பட். பெயரிங்கும் ஹெட் கேஸ்கட்டும் முகவர் வழியாக அசல் பாகம். பிஸ்டன், ரிங் இரண்டும் எஞ்சின் தயாரிப்பாளர்களுக்கே வழங்கும் இந்திய நிறுவனம் ஒன்றின் சொந்தப் பெயரில் வந்த தொகுதி; அதில் இரும்பு வளையம் இருந்தது, ஆறின் எடையும் சில கிராமுக்குள் ஒத்திருந்தது. அசல் பெட்டிக்கும் அதற்கும் இருந்த விலை வித்தியாசத்தைப் பெயரிங்குக்குத் திருப்பினோம். ஸ்பிரிங் பன்னிரண்டையும் மாற்றினோம். டப்பட்களும் எல்லாம் புதிது, கேம் பழையதே.

ஒயில் கூலர் பற்றித்தான் நீண்ட வாக்குவாதம். ஓட்டை இல்லை, கசிவில்லை, கழுவிப் போட்டால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் ஆறாம் பிஸ்டனிலிருந்து உரிந்த அலுமினியமும் பெயரிங்கிலிருந்து தேய்ந்த உலோகமும் அந்தத் தட்டுகளுக்கு இடையே தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் வந்துவிட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எஞ்சின் சூடாகி ஒயில் இளகியதும் தங்கியிருந்தது பிடி விட்டுப் புறப்படும். கூலர் தன்னளவில் நல்ல பாகம்தான். அதற்குள் இருப்பது நல்லதல்ல. புதிதாக வாங்கினோம்.

வோட்டர் பம்ப், ஓல்ட்டனேற்றர் பெல்ட், ஹோஸ், எஞ்சின் தாங்கி ரப்பர் ஆகியவற்றுக்கு உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த நடுத்தரப் பொருள். கெட்டால் வீதியோரத்தில் அரை நாள் போகும், எஞ்சின் போகாது. இதில் வோட்டர் பம்ப் எல்லையில் நிற்கும் பாகம் என்பதையும் அவரிடம் சொன்னோம்: அது கசிந்தால் பரவாயில்லை, சாரதி சூட்டுமானியைப் பார்க்காமல் ஓட்டினால்தான் ஆபத்து.

தேர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் மூடியும் விலையில் அற்பமானவை. அவை இரண்டிலும் பேரம் பேசவில்லை. 83 பாகையில் திறக்கத் தொடங்கும் தேர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுச் சோதித்தே பூட்டினோம். மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்தால் ஹட்டன் உயரத்திலும் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது. பிடிக்காத மூடியோடு அதே தண்ணீர் 96இல் கொதிக்கிறது. முழு எஞ்சினிலும் மிக மலிவான பாகங்களில் ஒன்று இது.

கிராங்கை என்ன செய்வது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிக்-எண்ட் ஆறையும் 0.25 மில்லிமீற்றர் குறைத்துச் சாணை பிடித்து, அதற்கேற்ற பெயரிங். மெயின் ஜேர்னல்களுக்கு மெருகு மட்டும். கண்டியில் உள்ள லேத் பட்டறைக்கு எழுத்தில் கொடுத்த ஒரே நிபந்தனை, ஜேர்னலின் ஓர வளைவைக் கூர்மையாக்கிவிடக்கூடாது என்பது. கிராங்க் முறிவது அந்த மூலையில்தான் தொடங்கும்.

டர்போவுக்கு நடுப்பகுதி மட்டும் மாற்றம். டீசலைத் தெளிக்கும் நொசில் ஆறும் புதிது. டீசல் பம்ப், பம்ப் வேலைக்காரரிடம் போனது. சாரதி, “பம்பைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லுங்கள் அண்ணன்” என்று தனியாக வந்து கேட்டார். மலையில் ஓட்டுகிறவரின் ஆசை புரிகிறது. காற்று குறைந்த உயரத்தில் டீசலைக் கூட்டினால் கிடைப்பது கரும்புகையும் எக்ஸோஸ்ட் சூடும்தான். முன்பு ஆறாம் பிஸ்டனை இழுத்ததில் அதற்கும் பங்கிருக்கலாம். பம்ப் தயாரிப்பு அளவிலேயே சீலிடப்பட்டது.

கேஸ்கட்டுக்காகக் காத்திருந்தது

புளொக்கின் மேல்தளத்தில் இருந்த பள்ளத்தை எடுக்க 0.25 மில்லிமீற்றர் சீவ வேண்டியிருந்தது. சீவினால் பிஸ்டன் அதே அளவு மேலே துருத்தும். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள தூரம் குறையும், அமுக்க விகிதம் ஏறும். இதற்காகவே 0.25, 0.50 மில்லிமீற்றர் கூடுதல் தடிப்புள்ள கேஸ்கட்களைத் தயாரிப்பாளர் வைத்திருக்கிறார். கொழும்பில் ஸ்டாண்டர்ட் கேஸ்கட் தாராளமாகக் கிடைத்தது, 0.25 கூடியது கையிருப்பில் இல்லை. இந்தியாவிலிருந்து வரவழைக்க வேண்டும்.

இதற்கிடையில் யோசனைகள் பல வந்தன. பிஸ்டன் தலையில் 0.25 சீவிவிடலாம் என்றார் லேத்காரர். இரண்டு கேஸ்கட்டை அடுக்கலாம் என்றார் இன்னொரு பாஸ். ஸ்டாண்டர்ட் கேஸ்கட்டையே போட்டுவிடலாம், அளவில் இடமிருக்கும் என்றார் உரிமையாளரின் நண்பர். மூன்றாவது யோசனையைச் சோதிக்காமல் தள்ளவில்லை: முதலாம் சிலிண்டரில் பிஸ்டனைப் பூட்டி, டயல் மானியால் துருத்தலை அளந்தோம். எல்லையைத் தாண்டியது. இரண்டாவதைப் பேசவே தேவையில்லை. முதலாவது செய்யக்கூடியதுதான், ஆனால் புதிய பிஸ்டனின் எரிகிண்ண ஆழம் குறையும். புகை விடும் எஞ்சினை வாங்கிக்கொள்வதாகும்.

லொறி நின்றால் வருமானம் நின்றது. லீசிங் தவணை நிற்காது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் காத்திருக்கச் சொன்னோம். உரிமையாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஹெட்டைச் சீவியதால் வால்வு எவ்வளவு உள்வாங்கி உட்கார்கிறது என்பதையும் அந்த இடைவேளையில் திரும்ப அளந்து சரிசெய்ய முடிந்தது.

பூட்டலும் முதல் ஓட்டமும்

பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகே துளை அடிக்கக் கொடுத்தோம், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்ற இடைவெளியோடு. அடித்து ஹோன் செய்த (கல்லால் உரசி மெல்லிய கோடுகள் இட்ட) துளைகளைச் சவர்க்காரத் தூளும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவினோம். டீசலும் மண்ணெண்ணெயும் கல் துகளைச் சுவரின் கோடுகளிலிருந்து எடுக்காது. ஒயில் தடவிய வெள்ளைத் துணி சாம்பல் நிறம் பிடிக்காமல் வரும் வரை இது தொடர்ந்தது. உதவியாளர் தம்பிக்கு அந்த நாள் முழுவதும் இதே வேலை.

முன்மூடி திறந்திருந்த வேளையில், எஞ்சின் முன்பக்க டைமிங் கியர்க் கூட்டைப் பிடிக்கும் சிறு ஊசிமுளை வெளியே நழுவாமல் ஒரு தகட்டுத் துண்டால் அடைத்தோம். இந்த எஞ்சின் குடும்பத்தில் அந்த முளை நழுவிக் கியர்களுக்குள் விழுந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. செலவு ஒரு போல்ட்டின் விலை.

வால்வு இடைவெளி இன்டேக்குக்கு 0.25, எக்ஸோஸ்ட்டுக்கு 0.51 மில்லிமீற்றர். ஒயில் அழுத்தம் ஏறிய பின்னரே டீசல் கொடுத்தோம். ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிடும் வழக்கத்தை இதில் தவிர்த்தோம். பாரமில்லாமல் ஓடினால் ரிங் சுவரோடு படியாமல் சுவர் வழவழப்பாகிவிடும். அரைச் சுமையோடு நானுஓயா ஏற்றத்தில் ஏற்றி இறக்கினோம். பிறகு ஒயிலும் பில்டரும் மாற்றி, பில்டரை வெட்டிப் பார்த்தோம்: மெல்லிய சாம்பல், துண்டுகள் இல்லை.

தொடர்ந்து நடந்தவை

சூடான ஐடிலில் ஒயில் அழுத்தம் இப்போது 20 இறாத்தலுக்கு மேல் நிற்கிறது. ஒரு ஒயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஊற்ற வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை. உரச் சுமையோடு ஹட்டன் ஏறும்போது சூட்டுமானி நடுக்கோட்டைச் சற்றுத் தாண்டி நின்றுவிடுகிறது. ஹெட் கேஸ்கட்டில் கசிவில்லை.

முதல் ஆண்டுக்குள் வோட்டர் பம்ப் கசியத் தொடங்கியது. கினிகத்தேனையில் நிறுத்திய சாரதி தொலைபேசியில் அழைத்தார். பம்பை வெளியிலிருந்தே மாற்றிவிட்டு அன்றே கொழும்புக்குப் போனார். இரண்டாவது பம்பை அசல் பாகமாக வாங்குவதா என்று உரிமையாளர் கேட்டார். இரண்டின் விலையையும் அந்த ஒரு நாள் வாடகை இழப்பையும் கூட்டிப் பார்த்தபோது அசல் பாகம் சற்று மலிவாகவே வந்தது. அந்த ஒன்றில் எங்கள் பிரிப்புக் கோடு சற்று இடம் மாற வேண்டியிருக்கிறது: வெளியிலிருந்து மாற்றலாம் என்பதோடு, எவ்வளவு தொலைவில் நின்றுபோகும் என்பதையும் கேட்க வேண்டும்.

நுவரெலியாப் பக்கம், 1,800 மீற்றருக்கு மேல், முழுச் சுமையில் ஏறும்போது இன்னும் கரும்புகை வருகிறது. கியரை ஒன்று குறைத்தால் குறைகிறது. சாரதிக்கு அது பிடிப்பதில்லை.

இனி மாற்றுபவை

அளவுத்தாள் எழுதி முடியும் வரை உரிமையாளர் எதையும் வாங்காமல் இருக்க, அவருக்கு விலை உறுதி தேவை. அதற்காக இப்போது கடைகளிடம் அளவு பிறகு சொல்லப்படும் என்ற நிபந்தனையோடு முற்பணம் கட்டி விலையை நிறுத்தி வைக்கிறோம். எல்லாக் கடையும் இதற்கு ஒப்புவதில்லை. ஒப்புகிற கடையில் மட்டும் வாங்குகிறோம். தடிப்புக் கூடிய கேஸ்கட்டைப் புளொக் தளத்தைப் பார்த்த அன்றே கேட்டுவைக்கிறோம், சீவிய பிறகல்ல.

டர்போ கழன்று மேசையில் இருக்கும் நேரம்தான் எக்ஸோஸ்ட் சூட்டுமானிக்குத் துளையிட ஏற்ற நேரம். பூட்டிய பிறகு துளைத்தால் இரும்புத்தூள் டர்போவுக்குள் போகும். இந்த லொறிக்கு அந்த மானி பூட்டப்படவில்லை, பணம் கேஸ்கட் காத்திருப்பில் கரைந்திருந்தது. அடுத்து வந்த இதே வகை எஞ்சினுக்கு அதற்கான துளையை இட்டு வைத்துவிட்டோம். டர்போவுக்கு முன் 650 பாகையைத் தாண்டி நீடித்தால் கியரைக் குறைக்க வேண்டும் என்று சாரதியிடம் சொல்லியிருக்கிறோம். அந்த எஞ்சினின் உரிமையாளர் வெறுங்கையோடு வந்தார், பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. அவருடைய புளொக்கில் 0.50 ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது, 1.00க்குப் போவதா, ஒரு சிலிண்டருக்கு மட்டும் லைனர் போடுவதா என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறோம்.